அமெரிக்காவில் நூலகராகப் படிக்க யார் காசு தருகிறார்கள்?

அமெரிக்கப் பொது நூலகம் ஒன்றில் ஒருவர் பத்து வருடம் வேலை பார்த்திருப்பார். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, புது உறுப்பினருக்கு கார்டு போட்டுக் கொடுப்பது, கம்ப்யூட்டர் முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு வேலையில்லா நிவாரணப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது, சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது என்று எல்லாம் செய்திருப்பார். ஊர் மக்கள் அவரை லைப்ரரியன் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் 'லைப்ரரி அசிஸ்டன்ட்' என்று இருக்கும். அந்தச் சீட்டில் பெயர் மாறவேண்டுமென்றால், பெரும்பாலான இடங்களில், நூலகவியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதுவும் அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த படிப்பாக இருக்கவேண்டும். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ எல்லாம் சேர்த்து அப்படி அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அறுபதுக்குக் கொஞ்சம் மேலேதான்.

சரி, படித்துவிடலாமே என்றால் கணக்கு இடிக்கிறது. இந்தப் பட்டத்துக்குப் பல இடங்களில் 36 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு, கட்டணமும் இதை வைத்துத்தான்), சில இடங்களில் இன்னும் கூட. கிரெடிட்டுக்கு 500 டாலர் என்றால் 18 ஆயிரம் டாலர். 1,500 என்றால் 54 ஆயிரம். இரண்டு விதமான கட்டணமும் நடைமுறையில் உண்டு. படித்து முடித்து நூலகரானால் நடுத்தரச் சம்பளம் வருடத்துக்கு சுமார் 64 ஆயிரம் டாலர். இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு, புதிதாக வேலைக்கு வருபவருக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், சின்ன ஊர் நூலகங்களில் இன்னும் குறைவு. மருத்துவம் படிப்பவர் பெரிய கடன் வாங்கினாலும் அடைத்துவிடுவார் என்ற நம்பிக்கையாவது இருக்கும். நூலகருக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

அதனால் இந்தத் துறையில் ஸ்காலர்ஷிப் என்பதை ஏழை மாணவருக்குச் செய்யும் உபகாரமாக மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தவறிப்போகும். வேலைக்கு விலை ஒட்டி வைத்திருக்கிறார்கள், சம்பளம் அந்த விலைக்கு ஈடாக இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கட்டணத்தை யார் கட்டுகிறார்களோ அவர்கள்தான், நேரடியாகச் சொல்லாவிட்டாலும், நூலக மேஜைக்குப் பின்னால் யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கிறார்கள். நூறு வருடமாக அந்தப் பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்த்தால் இது நன்றாகவே விளங்கும்.

தொடக்கத்தில் இப்படி ஒரு பட்டமே கிடையாது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் தசமப் பகுப்பு முறையைக் கொடுத்த மெல்வில் டூயி 1887 ஜனவரியில் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததில் கல்லூரி நிர்வாகத்தோடு தகராறு முற்றி, இரண்டே வருடத்தில் பள்ளி ஆல்பனிக்கு இடம்பெயர்ந்தது. மற்ற இடங்களில் பெரிய நூலகங்களே தங்களுக்கு வேண்டிய ஆட்களைக் கூடவே வைத்துப் பழக்கிக்கொண்டன.

அப்புறம் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்கள் அவர் பணத்தில் எழுந்தன. கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்காரத் தகுந்த ஆள் எங்கே? அவர் பெயரிலான கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளை, சார்லஸ் வில்லியம்சன் என்பவரைக் கொண்டு நூலகப் பள்ளிகளை ஆராயச் சொன்னது. 1923ல் வெளியான அவருடைய அறிக்கை பள்ளிகளைக் கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்காமல் விமர்சித்தது. எழுத்தர் வேலையையும் தொழில்முறை வேலையையும் பிரிக்கவேண்டும், பயிற்சி பல்கலைக்கழகத்துக்குள் போகவேண்டும், அதில் சேருபவர் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவராக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். கார்ப்பரேஷன் அதை நம்பிப் பணத்தை இறக்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை தரும் நூலகவியல் பள்ளி அந்தப் பணத்தில்தான் உருவானது. இன்றைக்கு அசிஸ்டன்டுக்கும் லைப்ரரியனுக்கும் நடுவில் நிற்கும் சுவர் இந்த வாதத்தின் மேல்தான் எழுந்தது. முதுகலைப் பட்டமே தகுதி என்பது 1950களின் தொடக்கத்தில் உறுதியானது.

தகுதியை உயர்த்தியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாசற்படியை உயர்த்தினால் ஏறமுடியாதவர்கள் வெளியே நிற்பார்கள். அதில் முதலில் நின்றவர்கள் கறுப்பின மக்கள்.

தென் மாநிலங்களில் நூலகங்களே நிற அடிப்படையில் பிரிந்து கிடந்த காலம் அது. கென்டக்கியின் லூயிவில் நகரில் கறுப்பின மக்களுக்கென்று இருந்த கிளை நூலகத்தில் தாமஸ் ஃபவுன்டன் ப்ளூ என்பவர் 1912 முதல் தானே பயிற்சி வகுப்பு நடத்திப் பெண்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். முறையான பள்ளி என்று ஒன்று வந்தது 1925ல், வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டில். பணம் அதே கார்னகி கார்ப்பரேஷன். 1939ல் அந்தப் பள்ளியை மூடினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1941ல், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் புதிய பள்ளி திறந்தது. இதற்கும் அறக்கட்டளைப் பணம்தான்.

இதில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வர்ஜீனியா லேசி ஜோன்ஸ் ஹாம்ப்டனில் நூலகவியல் படித்தவர். பிறகு ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த ஜெனரல் எஜுகேஷன் போர்டின் உதவித்தொகையில் சிகாகோவுக்குப் போய் 1945ல் முனைவர் பட்டம் வாங்கினார். நூலகவியலில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். 1940ல் அதே சிகாகோவில் வாங்கிய எலைசா அட்கின்ஸ் க்ளீசன்தான் முதலாமவர். க்ளீசன் அட்லாண்டா பள்ளியின் முதல் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜோன்ஸ் 1981 வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல். அமெரிக்காவின் கறுப்பின நூலகர்களில் பெரும் பங்கினர் அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்கள். ஒரே ஒருவருக்குக் கொடுத்த உதவித்தொகை ஒரு தலைமுறை நூலகர்களையே உருவாக்கிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இதே கதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஏற்கெனவே இருந்த வெள்ளையர் பள்ளிகளின் கதவைத் திறக்கச் சொல்லி அறக்கட்டளைகள் நிர்ப்பந்தம் செய்திருக்கலாம். அவ்வளவு பணம் அவர்கள் கையில் இருந்தது. அதைச் செய்யாமல் தனியாக ஒரு பள்ளியைக் கட்டிக் கொடுத்தார்கள். அட்லாண்டா பள்ளியும் கடைசியில் 2005ல் மூடப்பட்டது. சிகாகோ, கொலம்பியா என்று பெரிய பெயர் கொண்ட பள்ளிகளே அதற்கு முன்பே, 1990ஐ ஒட்டிய வருடங்களில், மூடப்பட்டுவிட்டன. நூலகவியல் பள்ளி ஆராய்ச்சிப் பணத்தையும் அள்ளிக்கொண்டு வராது, பழைய மாணவர்களும் கோடீஸ்வரர்களாகி நன்கொடை தரமாட்டார்கள். பல்கலைக்கழக நிர்வாகம் எதையாவது வெட்டவேண்டும் என்று நினைத்தால் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

அரசாங்கப் பணம் வந்தது 1965ல். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டத்தின் இரண்டாம் தலைப்பில் நூலகப் பயிற்சிக்கென்றே ஒரு பகுதி இருந்தது. கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் தொகை. நூலகங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலம், ஆள் பற்றாக்குறை வேறு, அதனால் அரசியலில் இதற்குப் பெரிய எதிர்ப்பில்லை. பற்றாக்குறை தீர்ந்ததும் தொகையும் வற்றத் தொடங்கியது. 1980களில் அது பேருக்குத்தான் இருந்தது.

இன்றைக்கு இந்தத் துறையில் ஸ்காலர்ஷிப் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஸ்பெக்ட்ரம். 1997ல் அமெரிக்க நூலகச் சங்கம் முடிவெடுத்து, அடுத்த வருடம் முதல் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது சங்கத்தின் செயல் இயக்குநர் எலிசபெத் மார்ட்டினெஸ். முதல் அணியில் 50 பேர், ஆளுக்கு 5,000 டாலர். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசியர், பூர்வகுடியினர், பசிபிக் தீவினர், பிற்பாடு மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று, நூலகங்களில் எண்ணிக்கை குறைந்த பிரிவினருக்கானது இது. சங்கத்தின் கணக்கெடுப்பின்படி 2009-10ல் பட்டம் பெற்ற நூலகர்களில் சுமார் 88 சதவிகிதம் பேர் வெள்ளையர்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் கறுப்பின ஆண்கள் 563 பேர்தான் என்று அந்தக் கணக்கு சொன்னது. நாடு முழுவதற்கும் சேர்த்து!

5,000 டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். மேலே போட்ட கணக்கில் மலிவான படிப்புக்கே அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1998ல் அதே தொகைக்கு இருந்த மதிப்பு இப்போது இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஸ்பெக்ட்ரம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஸ்பெக்ட்ரம் கிடைத்தவர் தங்களிடம் வந்தால் நாங்களும் அதே அளவு போடுகிறோம் அல்லது கட்டணத்தில் கழிக்கிறோம் என்று பல பல்கலைக்கழகங்கள் அறிவித்தன. அதனால் இந்த 5,000 பத்தாயிரமாகவும் அதற்கு மேலும் ஆக வழி இருக்கிறது. இரண்டாவது, அந்த வருடம் தேர்வான எல்லோரையும் சங்கத்தின் ஆண்டு மாநாட்டை ஒட்டி ஒரே இடத்தில் கூட்டிவைத்து நடத்தும் தலைமைப் பயிற்சி. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் தனியாகப் பணம். தன் வகுப்பில் தன் நிறத்தில் வேறு ஆளே இல்லாமல் ஒரு வருடம் படித்தவர், அங்கே போய்த் தன்னைப் போன்ற ஐம்பது பேருடன் உட்காருகிறார். வேலை தேடும்போது போனில் கூப்பிட ஆள் கிடைக்கிறது, சிபாரிசுக் கடிதம் கேட்க மூத்தவர் கிடைக்கிறார். இதுவரை 1,300க்கும் மேற்பட்டவர்கள் இதில் வந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 5,000ஐவிட இந்தத் தொடர்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதே சமயம் இதைப் பெரிய சாதனையாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கொடுத்தும் மொத்த நூலகர்களில் ஒரு சதவிகிதத்தை ஒட்டித்தான் வருகிறது. வேலைக்கு வந்தவர்கள் அதே துறையில் நிலைத்தால்தான் அந்த ஒரு சதவிகிதமும். அப்புறம் இந்த விண்ணப்பங்கள் கேட்கும் கட்டுரை விஷயம். உன் பின்னணி என்ன, என்ன தடைகளைத் தாண்டினாய், சமூகத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று எழுதச் சொல்வார்கள். பகலில் வேலை, ராத்திரியில் ஆன்லைன் வகுப்பு என்று ஓடுபவர், தன் கஷ்டத்தை நாலு விதமாக நாலு இடத்துக்கு எழுதி அனுப்பவேண்டும். ஏற்கெனவே நன்றாக எழுதத் தெரிந்தவருக்கும், திருத்திக் கொடுக்கப் பேராசிரியர் பழக்கம் உள்ளவருக்கும் இதில் அனுகூலம் அதிகம்.

ஸ்பெக்ட்ரம் தவிரச் சின்னச் சின்னதாக நிறைய இருக்கின்றன. கறுப்பின நூலகர் அமைப்பு ஈ.ஜே. ஜோசியின் பெயரில் ஒன்று தருகிறது. அந்த அமைப்பு 1970ல் உருவானதே அவர் முன்னின்றதால்தான். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத மாநில நூலகச் சங்கங்களின் கூட்டங்களுக்கு தேசியச் சங்கத்தின் அதிகாரிகள் போகக்கூடாது என்று 1964ல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றவைத்த மனிதர் அவர். ஸ்பானிய மொழி பேசுவோருக்குச் சேவை செய்ய ரெஃபோர்மா என்ற அமைப்பு, ஆசிய பசிபிக் நூலகர்களுக்கு ஓர் அமைப்பு என்று ஒவ்வொன்றும் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் அளவில் கொடுக்கின்றன. மாநில நூலகங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் பொது நூலகத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர் இந்தப் பட்டம் படித்தால் கட்டிய கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் நடந்தது. முதல் பத்தியில் சொன்ன அசிஸ்டன்டுக்கு உண்மையில் பொருந்தும் திட்டம் இதுதான், ஆனால் பேசப்படுவதோ குறைவு. முதலில் வேலை, அப்புறம் பட்டம் என்பது இந்தத் துறையில் சகஜமான வழி. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவரான முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவருமான கார்லா ஹேடனே சிகாகோ பொது நூலகத்தில் நூலகவியல் பட்டமில்லாமல் வேலைக்குச் சேர்ந்து, பிறகுதான் படித்தார்.

2003ல் அரசாங்கம் மறுபடி பெரிய அளவில் உள்ளே வந்தது, லாரா புஷ் பெயரிலான திட்டம் மூலம். ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் மனைவி லாரா, 1973ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலை முடித்து ஹூஸ்டன் பொது நூலகத்திலும் பள்ளி நூலகத்திலும் வேலை பார்த்தவர். குடியரசுக் கட்சி ஆட்சியில் நூலகர் படிப்புக்குப் பணம் வந்ததற்கு அந்த வீட்டில் ஒரு நூலகர் இருந்தது முக்கியக் காரணம் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1996ல் உருவான அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம் என்ற கூட்டரசு அமைப்பு இதை நடத்தியது.

இதில் பணம் மாணவர் கைக்கு நேராகப் போகாது. பல்கலைக்கழகமோ மாநில நூலகமோ ஒரு திட்டம் எழுதும்: இந்த மாதிரி ஊர்களுக்கு, இந்த மொழி தெரிந்த, இத்தனை நூலகர்களைத் தயார் செய்யப்போகிறோம் என்று. நிதி கிடைத்தால் அவர்களே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டி, உள்ளூர் நூலகத்தில் சம்பளத்தோடு பயிற்சிக்கு வைத்து, கூடவே மூத்த நூலகர் ஒருவரையும் இணைப்பார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க, பூர்வகுடிச் சமூகங்களுக்காக நடக்கும் 'நாலெட்ஜ் ரிவர்' திட்டம் இந்த நிதியால் வளர்ந்ததில் பேர் வாங்கியது. மாணவர் பார்வையில் இதுதான் சிறந்த அமைப்பு என்று நினைக்கிறேன், ஏனென்றால் கட்டணம், வருமானம், அனுபவம், ஆள் பழக்கம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. கெட்டது என்னவென்றால் இது இரண்டு மூன்று வருட நிதி. முடிந்தால் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும், கிடைக்காவிட்டால் அந்த அணியோடு சரி.

அதைவிடப் பெரிய ஆபத்து 2025ல் வந்தது. மார்ச் 14 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, சட்டம் கட்டாயமாக்கும் குறைந்தபட்ச வேலையைத் தவிர மற்றதையெல்லாம் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம் நிறுத்தவேண்டும் என்றது. மாத முடிவில் ஊழியர்களைக் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் ஏற்கெனவே கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த நிதிகளை ரத்து செய்து கடிதங்கள் போக ஆரம்பித்தன. ரோட் ஐலண்ட் உட்பட 21 மாநிலங்கள் வழக்குப் போட்டன, நூலகச் சங்கமும் தனியாகப் போட்டது. மே மாதம் இடைக்காலத் தடை, நவம்பரில் இது சட்டவிரோதம் என்று தீர்ப்பு, டிசம்பரில் நிதிகள் திரும்ப அறிவிக்கப்பட்டன. நீதிமன்றக் கணக்கில் ஒன்பது மாதம் என்பது வேகம்தான். படிப்பின் நடுவில் இருப்பவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு.

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பின் நிழலும் இதன் மேல் விழுந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைப் பற்றியது. உதவித்தொகையைப் பற்றி நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வக்கீல் சொல்கிறார் என்று பல பல்கலைக்கழகங்கள் இனத்தின் பெயரிலான உதவித்தொகைகளின் விதிகளை மாற்றி, 'குறைந்த வாய்ப்புள்ள சமூகங்களுக்குச் சேவை செய்ய ஆர்வமுள்ளவர்' என்கிற மாதிரி பொதுவாக எழுதத் தொடங்கிவிட்டன.

நம்மூரிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குத் தெரியவேண்டியது: மேலே சொன்னவற்றில் பல குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஸ்பெக்ட்ரமும் அப்படித்தான், அமெரிக்கா அல்லது கனடா. வெளிநாட்டு மாணவருக்கு உண்மையில் திறந்திருக்கும் பெரிய கதவு கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப். வாரத்துக்கு 10 அல்லது 20 மணி நேரம் பல்கலைக்கழக நூலகத்திலேயே வேலை. பதிலுக்குக் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும். இல்லினாய் பல்கலைக்கழகம் மாதிரி பெரிய நூலகம் உள்ள இடங்களில் இந்த வேலைகள் அதிகம். விசாரணை மேஜையில் உட்கார்ந்து மாணவர் கேள்விக்குப் பதில் சொல்வது, பழைய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பட்டியல் போடுவது, தமிழோ வேறு இந்திய மொழியோ தெரிந்தால் தெற்காசியப் புத்தகங்களுக்குக் கேட்டலாக் விவரம் எழுதுவது என்று வேலை பலவிதம். வேலை கேட்டுப் போகும்போது அந்த அனுபவம்தான் முதலில் பார்க்கப்படும். ஆனால் முழுக்க ஆன்லைனில் படித்தால் இந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது.

படிக்க அனுப்பிவிட்டு நூலகரை உருவாக்குவது நமக்கும் புதிதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொண்டிருந்த, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. திரும்பி வந்தவர் அதன் பிறகு வேறு பக்கம் திரும்பவில்லை. பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார். 1950களில் ஒரு லட்சம் என்பது சாதாரணத் தொகையில்லை.

கடைசியாக, விண்ணப்பிப்பவர்கள் கேட்க மறந்துவிடும் இரண்டு விஷயம். வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வந்தால் பல்கலைக்கழகம் தான் கொடுப்பதாகச் சொன்ன உதவியை அந்த அளவுக்குக் குறைத்துவிடலாம். சேருவதற்கு முன்பே உதவித்தொகை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று வரி. அமெரிக்கச் சட்டப்படி கட்டணத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் போகும் தொகைக்கு வரி இல்லை, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் தொகைக்கு உண்டு. நூலகச் சங்கத்தின் ஸ்காலர்ஷிப்புகளுக்கு வழக்கமாக மார்ச் 1 கடைசி நாள். சிபாரிசுக் கடிதம் எழுதுபவரிடம் ஜனவரியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.